முப்பத்தைந்தாவது பழம்

புதுவை,
13-6-1979

பம்பாய் நகரத்து டெலிபோன் கம்பிகளையெல்லாம் தன் ஒற்றைக் குரலால் தாங்கி நிற்கும் சௌபாக்கியவதி அமிர்தவல்லிக்கு, பஞ்சாலையின் முடிசூடா மன்னனும் (அதாவது துணியில் குறை பார்க்கிறவனும்) உன் தாய்மாமனுமாகிய மண்ணாங்கட்டி ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், மழையைத் தவிர. அது இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

இப்போது நான் எழுதப் போகும் கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். செத்துப்போன என் அக்கா, உன் அம்மா செல்வாம்பாள் மேல் சத்தியம். நம்பக்கூடிய வரி ஏதாவது தப்பித்தவறி வந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் கடிதம் பார்த்தேன். நீயும் கோவிந்தராசுவும் அங்கேயே ஆபீசில் பதிவு செய்துகொள்ளப் போகிறீர்களாம். ஊருக்கு வந்தால் பந்தலில் காக்காகூட உட்காராதாம். 'அப்பாவே வாயைத் திறக்கல, நீங்க எதுக்கு மாமா எனக்காக எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிக்கறீங்க, விட்டுடுங்க' என்று எழுதியிருக்கிறாய். விடுவதா? பையன் நோணாங்குப்பத்தில் படகு தள்ளுகிறவர் மகன், வேறு சாதி, அவ்வளவுதானே குற்றம்? படகு தள்ளுகிறவர் கரை சேர்க்கிறார். உன் பெரியப்பா ராஜாங்கம் இதுவரை யாரை எங்கே சேர்த்தார்?

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பந்தக்கால் நடும்போது மஞ்சள் துணியில் ஒரு வெள்ளி ரூபாயை முடிந்து கட்டுவது தாய்மாமன் வேலை. அந்தக் காசு பெண்ணின் அம்மாவுடையதாக இருக்க வேண்டும். உன் அம்மாவின் காசு 1840ஆம் வருஷத்து ராணி ரூபாய். அவள் போனதும் அது எப்படியோ நடந்து போய் உன் பெரியப்பாவின் பீரோவில் ஏறிக்கொண்டது. அவர்தான் பழைய காசு சேர்க்கிறவர் ஆயிற்றே. நொத்தேர் ஆபீசில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர், இப்போது காசுகளுக்குப் பத்திரம் எழுதுகிறார்.

போன மாதம் போய்க் கேட்டேன். கேட்டவுடன் கொடுத்துவிட்டார்! கறுத்துப் போன காசு. உன் அம்மா காசும் மஞ்சளும் புகையும் ஏறிக் கறுத்ததுதான். ஆனாலும் எனக்குச் சந்தேகம் தட்டிற்று. கோயிலில் திருநீறு பூசிவிட்டு விரலில் ஒட்டியதைக்கூடத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிற மனுஷன், கேட்டவுடன் கொடுப்பாரா?

வீட்டுக்கு வந்து மில் கண்ணாடியை எடுத்தேன். துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிற குட்டிக் கண்ணாடி. அதில் பார்த்தால் எறும்பின் மனக்கவலைகூடத் தெரியும். காசின் ஒரு பக்கம் ராணி முகம். மறுபக்கம் இலைமாலை, இலைகளுக்கு நடுவே கடுகைவிடப் பொடிப்பொடியாகப் பழங்கள். ஒரே வருஷத்துக் காசானாலும் அச்சுக்கு அச்சு பழத்தின் கணக்கு மாறும். இதை எனக்குப் பெரியப்பா சொல்லித் தரவில்லை. மில்லில் சேர்ந்த முதல் மாதம் அந்தக் கண்ணாடியை நான் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே நானும் உன் அம்மாவும் எண்ணிவிட்டோம். நான் முப்பத்து நாலு என்றேன், அவள் முப்பத்தைந்து என்றாள். இரண்டு நாள் பேச்சில்லை. கடைசியில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைக் காசின் மேல் வைத்துத் தேய்த்துப் பதிவு எடுத்தோம். வலது பக்கம் கீழே, ஒரு இலைக்கு அடியில், பாதி முகம் காட்டிக்கொண்டு ஒளிந்திருந்தது இன்னொன்று. அன்றைக்கு அவள் போட்ட ஆட்டத்தில் வீட்டு ஓடு நாலு சரிந்தது. அந்தத் தாள் இன்றைக்கும் என் ரேஷன் கார்டுக்குள் இருக்கிறது.

பெரியப்பா கொடுத்த காசில் நூற்றெட்டுத் தடவை எண்ணினேன். முப்பத்து நாலு.

போன ஞாயிற்றுக்கிழமை கருவடிக்குப்பத்து வீட்டில் அவருடைய காசுக் கூட்டம். நாலாயிரம் பேர் வந்திருந்தார்கள். தெருவில் மாட்டு வண்டிகள் திரும்ப இடமில்லை. உன் அப்பா ஜன்னலோரம் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல அண்ணனுக்குத் தம்பியாக உட்கார்ந்திருந்தார். பெரியப்பா ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். 'ஒரே ஒரு பழம் கூடினாலும் அது வேற அச்சு, வேற காசு, ஒண்ணுக்கு ஒண்ணு ஈடே ஆகாது' என்று மேஜையைத் தட்டினார். பிறகு ஆல்பத்தைத் திறந்து, கண் கூசுகிற மாதிரி மின்னிய 1840 ரூபாய் ஒன்றைக் காட்டி, 'கையே படாத காசு. அச்சிலேர்ந்து இறங்கினது இறங்கினபடி. முதல் தரம்' என்றார்.

நான் எழுந்து நின்று ஒரு நிமிஷம் பார்க்கலாமா என்றேன். 'ஏம்பா மண்ணாங்கட்டி, இங்க ஒண்ணும் வேட்டி மடிக்கல' என்றார். நாலாயிரம் பேரும் சிரித்தார்கள். நான் புலி மாதிரி கர்ஜித்துக்கொண்டே போய்க் கண்ணாடியை வைத்தேன். எண்ணினேன். கடல் பத்தடி பின்வாங்கிக் காத்திருந்தது. முப்பத்தைந்து! ரேஷன் கார்டைத் திறந்து வெள்ளித் தாளைப் பக்கத்தில் வைத்தேன். அதே இலை, அதே பாதி முகம்.

அது மட்டுமா? ராணியின் கன்னம் முழுக்கப் பொடிக் கீறல்கள், எல்லாம் ஒரே வட்டமாக. தேங்காய் நார் போன வழி! கறுப்பு இருந்தால் தம்பி பெண்டாட்டி காசு என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மனுஷன் குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். காசு சேர்க்கிறவன் கனவில்கூடச் செய்யாத காரியம். அங்கே இருந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, 'கழுவின காசு. இதுக்கு இனிமே தரமே கிடையாதுங்களே' என்று உதட்டைப் பிதுக்கினார்.

பெரியப்பாவுக்கு வியர்த்துவிட்டது. 'ஒரு பழத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? ரூபாய்னா எல்லாம் ரூபாய்தானே?' என்றார். அப்படியானால் மாற்றிக்கொள்ளலாமே, உங்களுடைய முப்பத்து நாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கறுப்புக் காசை மேஜையில் வைத்தேன். ஆமாம் என்றால் காசு போச்சு. இல்லை என்றால் ஈடு ஆகாது என்று தெரிந்தேதான் எனக்கு மாற்றிக் கொடுத்தார் என்று ஆகும். 'சாதி கெட்டுப் போற கல்யாணத்துக்கு என் வீட்டுக் காசு போகாது' என்று ஆல்பத்தை மூடப் போனார்.

அப்போது உன் அப்பா எழுந்தார். பேப்பரை மடித்து வைத்தார். வந்து, அண்ணன் கைக்கு அடியிலிருந்தே ஆல்பத்தை இழுத்து, காசை எடுத்துத் துண்டில் துடைத்து என் கையில் வைத்தார். 'டேய் சக்கரபாணி' என்று அதட்டல் வந்தது. அவர் திரும்பவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: 'இது அவ காசு. பந்தக்கால் என்னிக்குன்னு அமிர்தத்தை எழுதச் சொல்லுப்பா. ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சா குழி நானே தோண்டிடுவேன்.'

காசு இப்போது என் மடியில் இருக்கிறது. தரம் போய்விட்டது என்றார் வாத்தியார். போகட்டும் கண்ணு. பளபளப்பு பெரியப்பா போட்டது. பழம் அச்சில் வந்தது, அதை எந்தப் புளியாலும் தேய்த்து எடுக்க முடியாது. யார் வராவிட்டாலும் நான் பந்தக்காலில் கட்டுவேன். காக்கா உட்காராவிட்டால் நானே ஏறி உட்கார்ந்து கத்துவேன்.

கடைசியாக, மேலே செய்த சத்தியத்துக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாலாயிரம் பேர் இல்லை, ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் காபிக்காக வந்தவர்கள். கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. புலி கர்ஜிக்கவில்லை, முப்பத்தைந்து என்று சொல்லும்போது பாதியில் புரையேறி, வாத்தியார்தான் தண்ணீர் கொடுத்தார். இதையெல்லாம் நீ நம்ப வேண்டாம்.

ஆனால் உன் அப்பா எழுந்தது நிஜம். நேற்றுச் சாயங்காலம் நான் போனபோது கொல்லையில் கடப்பாரைக்குத் துரு எடுத்துக்கொண்டிருந்தார்.

நாள் எழுது, பொண்ணே. இரண்டு பேரும் வந்து, நூறு வருஷம் நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மாவிடம் ஒரு பழத்தில் தோற்ற
மண்ணாங்கட்டி மாமன்