நீ சொன்ன சாட்சி

தங்கச்சிக்கு,

நேரில் வந்தால் கை நீண்டுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "எங்கக்கா புள்ளைக்குக் காது கேக்குது, ஆண்டவர் தொறந்துட்டாரு" என்று சாட்சி சொன்னாயாமே. உன்னை யார் சொல்லச் சொன்னது?

திங்கட்கிழமை பள்ளி விட்டதும், வழக்கம்போல பக்கத்து வீட்டு மேபல்தான் ரெக்ஸனை அழைத்து வந்தாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் அவன் கையை விட்டுவிட்டாள். கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இவன் திரும்பவே இல்லை. டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தான்.

"உன் தங்கச்சிதானக்கா சொல்லிச்சு, காது கேக்குதுன்னு. அப்பால இன்னாத்துக்குக் கையப் புடிக்கணும்னு வுட்டுட்டேன்" என்று மேபல் அழுகிறாள். அவளை நான் என்ன சொல்ல?

ஆண்டவருக்கு உன் பொய் எதற்கு? பிள்ளை பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் தரவில்லை. தந்துவிட்டதாகச் சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்ற நான் யார், நீ யார்?

சாயங்காலம் நான் ஜெபம் சொல்லும்போது ரெக்ஸன் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். அதிர்வு நின்றதும் சிலுவை போட்டுக்கொள்வான். நேற்று கோபத்தில் நான் வாயே திறக்கவில்லை. அவன் கையை எடுக்காமல் காத்திருந்தான். கடைசியில் ஜெபத்தைச் சொன்னேன்.

வருகிற ஞாயிறு நானும் வருகிறேன். மைக்கை என்னிடம் கொடு. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, நாங்கள் ஜெபத்தை விடவுமில்லை என்று சாட்சி சொல்கிறேன். அதற்கும் உன் கூட்டம் அல்லேலூயா சொல்கிறதா, பார்க்கிறேன்.

உன் அக்கா