இரண்டு எட்டுகள்

கோர்னி ப்ரெக்
செப்டம்பர் 24

என் செல்ல இக்லி,

நீ கையெழுத்திட்டு அனுப்பிய சம்மதத் தாள் போன மாதமே கிடைத்தது. கட்சியின் மாவட்ட வேட்பாளர் பட்டியலுக்கு எட்டுப் பேர் வேண்டும். ஏழு பேரைத்தான் பிடிக்க முடிந்தது. எட்டாவதாக உன் பெயரைப் போட்டு நிரப்பிவிட்டோம். பயப்படாதே, கடைசிப் பெயரை யாரும் பார்க்க மாட்டார்கள். நீ தலைநகர் சோபியாவில் உன் மொழிபெயர்ப்பைக் கவனி.

ஆட்சி கவிழ்ந்து கவிழ்ந்து இரண்டு ஆண்டில் இது மூன்றாவது தேர்தல். "டீச்சர், போன தடவை போட்ட ஓட்டே இன்னும் காயல, அதுக்குள்ள இன்னொண்ணா?" என்கிறார் கிழவர் ம்லாதென். எல்லா முற்றத்திலும் குளிர்காலத்துக்காகச் சிவப்புக் குடைமிளகாய் சுடுகிறார்கள். வேலையை விட்டுவிட்டு என் பேச்சைக் கேட்க யாருக்கு நேரம்? நானும் கூடவே உட்கார்ந்து தோலுரித்தபடி பேசுகிறேன். வாக்குச்சீட்டில் நம் கட்சிக்குக் குலுக்கலில் எட்டாம் எண் விழுந்திருக்கிறது. "எட்டு, எட்டை மறந்துடாதீங்க." தூக்கத்திலும் இதையே உளறுகிறேனாம், உன் அத்தான் கேலி செய்கிறார்.

நமக்கு ஓர் இடம் கிடைத்துவிடும் என்கிறார்கள். முதல் பெயர் என்னுடையது. நம் ஊர் ஆஸ்பத்திரியில் மூடிய பிரசவ வார்டைத் திறக்கவைக்க வேண்டும், இக்லி. எனக்கு வேறு ஆசை இல்லை.

உன் அக்கா,
நெவேனா

சோபியா
அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செய்தி எனக்கு ஒரு நிருபர் மூலம்தான் வந்தது. "வாழ்த்துகள் மேடம், நீங்க எம்.பி. ஆயிட்டீங்க" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது. வாக்குச்சீட்டின் இடப்பக்கம் கட்சியின் எட்டில் குறியிட்டவர்கள், வலப்பக்கம், பட்டியலில் யார் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேட்பாளர் வரிசையிலும் எட்டில் குறியிட்டிருக்கிறார்கள். அதே எண்ணை அங்கேயும் உறுதிசெய்ய வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். வலப்பக்க எட்டு நான். அந்த விருப்ப வாக்குகள் என்னை உனக்கு மேலே ஏற்றிவிட்டன.

நான் வேண்டும் என்று யாரும் ஓட்டுப் போடவில்லை. என் முகம்கூட அவர்களுக்குத் தெரியாது. நான் விலகினால் அந்த இடம் உனக்கு வரும். ஒரு வார்த்தை சொல், போதும்.

இக்லிகா

கோர்னி ப்ரெக்
அக்டோபர் 13

இக்லிகா,

விலகிவிடு.

ரொட்டிக்கடை வரிசையில் நம் தெரு பாவ்லினா என் காதுபடவே சொன்னாள்: "சோபியாவுல படிச்சவளாச்சே. கட்சிக்கு என்ன நம்பர்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் பட்டியல்ல எட்டாவது எடத்துல உக்காந்திருக்கா." குலுக்கலுக்கு முன்பே நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பதில் சொல்லாமல் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வார்டு மூடிய அந்தக் குளிர்காலத்தில், நகர ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆம்புலன்ஸில் நாற்பத்திரண்டாவது கிலோமீட்டரில் என் பெண் பிறந்தாள், அங்கேயே போனாள். இருந்திருந்தால் இப்போது ஆறாம் வகுப்பு. உனக்கு இது ஒரு பதவி. உனக்கு வலிக்காத இடம் அது.

நெவேனா

சோபியா
அக்டோபர் 17

அக்கா,

விலகல் கடிதம் இத்துடன் இருக்கிறது. நோட்டரியிடம் கையெழுத்துக்குச் சான்று பெற்றுவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பு.

ஒன்றே ஒன்று. அன்று ஆம்புலன்ஸில் அத்தானை ஏற்றிக்கொள்ளவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அவளைத் துண்டில் சுற்றி, வண்டி நிற்கும்வரை மடியில் வைத்திருந்ததும் நான்தான். நீ கண்ணைத் திறக்கவே இல்லை, அதனால் உனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வலிக்காத இடம் என்று மட்டும் எழுதாதே.

இக்லிகா

கோர்னி ப்ரெக்
அக்டோபர் 22

என் இக்லி,

நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று சொல்கிறேன்.

தேர்தல் அன்று பள்ளிக்கூடத்தில், நான் பாடம் நடத்தும் அதே அறையில், திரைக்குப் பின்னால் நின்றேன். இடப்பக்கம் எட்டில் போட்டேன். ஒரு மாதமாக அதையே சொல்லிச் சொல்லிப் பழகிய கை, வலப்பக்கம் போய் அங்கேயும் எட்டில் போட்டது. சீட்டைப் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. நான் எனக்கே ஓட்டுப் போடவில்லை, இக்லி. அந்த வெட்கத்தை உன் தலையில் இறக்கிவைத்தேன்.

இன்று காலை ரொட்டிக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், "ரெண்டு எட்டு போட்டதுல நானும் ஒருத்தி" என்று. பாவ்லினா விடுவாளா? "டீச்சருக்கே இந்த லட்சணம்னா, எங்க புள்ளைங்களுக்கு ஏன் மார்க்கக் கொறைக்கிறீங்க?" வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு அங்கேயே நின்று அழுதேன். பாவ்லினாதான் தன் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

நேற்று சமையலறையில் உன் அத்தானை எதிரே உட்காரவைத்து, நாடாளுமன்றத்தில் பேசுவதுபோல் பேசிப் பார்த்தேன். "ஆம்புலன்ஸ்" என்ற சொல்லுக்கு மேல் பேச்சு வரவில்லை. மூன்று தடவை முயன்றேன். அன்று கண்ணை மூடிக்கொண்டவள் நான். பார்த்தவள் நீ. பார்த்தவள்தான் அங்கே எழுந்து நிற்க வேண்டும்.

உன் விலகல் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இரண்டாகக் கிழித்து. கூடவே மூன்று பாட்டில் குடைமிளகாய்.

அவளுக்கு நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். உன் அத்தானுக்குக்கூடத் தெரியாது. யானா. பேசும்போது, பெயர் சொல்லிப் பேசு.

அக்கா