பங்களா அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்

மகாபலிபுரம்,
12-10-1956, வெள்ளிக்கிழமை.

அன்பும் கண்ணியமும் நிறைந்த என் மச்சான் அமானுல்லா அவர்களுக்கு, சுராயாவின் ஸலாம். இங்கே நானும் நம் மகள் ஷாஜாதியும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். உங்களுக்குச் சாயங்காலக் காய்ச்சல் இறங்குகிறதா, இருமலில் இன்னும் ரத்தம் தெரிகிறதா? உள்ளதை உள்ளபடி எழுதவும். போன தடவை மாதிரி மழுப்ப வேண்டாம்.

உங்கள் கார்டு புதன்கிழமை கிடைத்தது. ஊசி பாதியில் நிற்க, டாக்டர் பேச்சையும் தட்டிவிட்டு, திங்கட்கிழமை தாம்பரம் ஆஸ்பத்திரியில் பெயரை வெட்டிக்கொண்டு வந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வராவிட்டால் பங்களா சமையல் வேலைக்கு வேறு ஆள் வந்துவிடுவான், வேலையோடு நாம் குடியிருக்கும் இந்த வீடும் போய்விடும் என்று பயந்திருக்கிறீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு புகையில் வந்து நின்றால் எத்தனை நாள் நிற்பீர்கள்? இருமிக்கொண்டே பரிமாறினால் எந்தத் துரை சாப்பிடுவான்? சுவர் இருந்தால்தான் சித்திரம். கார்டைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடேயே எழுந்து நேராகப் பங்களா மேனேஜர் பக்தவச்சலத்திடம் போனேன்.

நம் கல் சிற்பங்களைப் படம் வரைய ஒரு வெள்ளைக்காரத் துரையும் அவர் சம்சாரமும் மறுநாள் வியாழக்கிழமை வருவதாக இருந்தது, ஒரு மாதம் தங்குவார்களாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாட்டுக்கறி ஸ்டேக்கும், பாலாடை போட்ட மக்ரோனியும் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்கள். நான் சமைக்கிறேன் என்றேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது இன்னா வூட்டுச் சமையலா? உனக்குத் துரைங்க சாப்பாடு இன்னா தெரியும்?" என்றார். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்றேன். கடைசியில், "சரி, வியாழக்கெழம ஒரு வேள பாக்குறேன். துரை மூஞ்சியச் சுளிச்சாருன்னு வச்சிக்கோ, மக்யா நாளே மெட்ராஸ் ஆளை இட்டுகினு வந்துடுவேன், வூட்டைக் காலி பண்ணிடணும்" என்று முடித்தார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்களும் கேட்பீர்கள். என்னை அந்தச் சமையலறைப் படியைக்கூட மிதிக்க விட்டதில்லையே! ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, தினமும் வீட்டுக்கு வந்ததும், முன்பு உங்களுக்கு எடுபிடியாக இருந்த பையனைத் திட்டித் தீர்ப்பீர்களே, மறந்துவிட்டதா? ஸ்டேக்கை ஒரு தடவைதான் திருப்ப வேண்டும், மடையன் நாலு தடவை திருப்பினான். மக்ரோனியைக் குழைத்துவிட்டான். ஆடையைக் கொதிக்கிற பாலில் போட்டுத் திரியவிட்டான். அந்தத் திட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். அவன்தான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

நேற்று வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டிலிருந்து கறி வந்தது. இலையைப் பிரித்தால் ஒரு துண்டுகூட முழுசாக இல்லை. கறிக்கடை சுலைமான் அண்ணனிடம் எலும்பில்லாத மெத்துக்கறி அண்டர்கட், நறுக்காமல் முழுசாக வேண்டும் என்றுதான் சொல்லியனுப்பியிருந்தேன். சொன்னது சுராயா என்றதும், வீட்டுச் சால்னாவுக்கு என்று அவராகவே நினைத்து, பொடிப் பொடியாக நறுக்கி, உபகாரமாக இரண்டு எலும்பும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். இப்போது பாத்திரம் தேய்க்கும் வேண்டா எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணி, தொரைக்குக் கொழம்பா?" என்றாள். சிரிக்கிற நேரமா அது?

அதே பஸ் திரும்பும்போது ஏறிவிட்டேன். திருக்கழுக்குன்றத்தில் டயர் வேறு மாற்றினார்கள். நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். நல்லவேளை, யாரோ கல்யாண வீட்டுக்காரருக்கென்று ஒரு முழு அண்டர்கட் எடுத்து வைத்திருந்தார். "அவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ எட்துகினு போம்மா" என்று ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். அவருக்கு துஆ செய்யுங்கள்.

பங்களாவுக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. துரையும் துரைசானியும் வந்து கடற்கரைக்குக் காற்று வாங்கப் போயிருந்தார்கள். பால்கார சந்திரம்மாவின் எருமைப்பாலைச் சிறுதீயில் சுண்ட வைத்து ஆடை எடுக்கும்படி வேண்டாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். பாவம், அவள் அசையாமல் உட்கார்ந்து எடுத்து வைத்திருந்தாள். ஆனால் கறிக்குப் பக்கத்தில் ஆடைக் கிண்ணத்தைப் பார்த்ததும், "பாலையும் கவுச்சியையும் ஒண்ணா துன்னா ஒடம்பெல்லாம் வெள்ள வெள்ளயா பூத்துடும் அண்ணி" என்று பயந்துபோனாள். துரை ஏற்கெனவே வெள்ளைதான், போய் விறகு கொண்டு வா என்றேன்.

அப்புறம் நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் கரண்டியைத் தூக்குவீர்கள். சட்டி காய்ந்ததும், பெருநாள் சேமியாவுக்கு விடுவது போல என் கை தானாக நெய்யை விட்டு, மக்ரோனியைக் கொட்டி வறுக்க ஆரம்பித்துவிட்டது. அது பொன்னிறமாகிற வாசம் வந்த பிறகுதான் உறைத்தது. இருந்ததே ஒரு டின்தான். வறுத்தது வறுத்ததுதான், வேகாமல் எங்கே போய்விடும் என்று உப்புத் தண்ணீரில் போட்டேன். வேக நேரமாயிற்று. வெண்ணெயில் மைதாவைக் கிளறி, பால் விட்டு, மிளகுத்தூள் தூவி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே ஆடையைச் சேர்த்தேன். திரியவில்லை. நிறம் மட்டும் நீங்கள் சொல்லும் வெள்ளை இல்லை, சந்தனம் போல இருந்தது.

ஸ்டேக்கைக் கத்தி முதுகால் தட்டி, இரும்புச் சட்டி புகையும்போது போட்டேன். ஒரே தடவைதான் திருப்பினேன். ஆனால் உள்ளே சிவப்பைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அறுக்கும்போது ஓட வேண்டிய ரத்தம் ஓடிவிட்டது, இது கறியின் சாறுதான் என்று நீங்கள் சொல்லியிருந்தும், பச்சைக் கறியை மனுஷனுக்கு எப்படிக் கொடுப்பது என்று இன்னும் கொஞ்சம் விட்டுவிட்டேன். துரைசானியுடையது சரியாக இருந்தது. துரையுடையது முற்றிவிட்டது.

கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மனிதர் கத்தியால் மரம் அறுப்பது போல அறுத்தார். கறி வாசம் தாளாமல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற பக்தவச்சலம் என் பக்கம் திரும்பி முறைத்தார். இந்த வீட்டைவிட்டு ஷாஜாதியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். துரை வாயைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். பக்தவச்சலம் உள்ளே வந்து, "மக்ரோனி நல்லா கீதாம். கறிதான் கட்டியாம். நாளைக்கு இன்னும் கொஞ்சம் செவப்பா இருக்கட்டுன்றார்" என்றார்.

நாளைக்கு என்றாரே, எனக்கு அது போதும். பக்தவச்சலமும், "மெட்ராஸ் ஆளுக்கு எழுதல, போ" என்று சொல்லிவிட்டுப் போனார். துரை இருக்கும் ஒரு மாதத்துக்கு என்றுதான் சொன்னார். அதற்கப்புறமும் என்னை எழுப்ப முடியாது, நான் உட்கார்ந்தால் எப்படி உட்காருவேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. நீங்கள் அவசரப்படக் காரணம் ஒன்றும் இல்லை.

இதைத் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் கிடைக்குமோ என்னவோ. சுலைமான் அண்ணன் நாளைக்குக் குரோம்பேட்டைக்குத் தோல் கொண்டு போகிறார், தாம்பரத்தில் இறங்கி உங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எதிரிலேயே படித்துவிட்டு, ஊசி முழுக்கப் போட்டுக்கொள்கிறேன் என்று அவரிடம் வாயால் சொல்லியனுப்புங்கள். அப்போதுதான் எனக்குத் தூக்கம் வரும்.

நீங்கள் இல்லாத இந்த வீட்டில் எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. ஷாஜாதி தூங்கிய பிறகு யாரிடம் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். வாருங்கள் என்று எழுதத்தான் என் கை துடிக்கிறது, மச்சான். அந்தக் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு எழுதுகிறேன். டாக்டர் தன் வாயால் போகலாம் என்று சொல்லும் நாள் வரை, அல்லாஹ்வுக்காக, வராதீர்கள்.

உங்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் துஆ கேட்கும்,
சுராயா.