அன்னம்மாளுக்கு நன்றி சொன்ன பிறகு

சேசு மரி சூசை

தோட்டத்து லயம், செமோர்
12 ஜூன் 1983

என் தங்கச்சி பெத்த மக டோரிஸுக்கு, பெரியம்மா குழந்தையம்மா எழுதிக்கிறது.

மாதா புண்ணியத்துல இங்க நாங்க நடமாடிக்கிட்டு இருக்கோம். உன் பெரியப்பாவுக்குப் பல்லுவலி. நான்தான் அந்தப் பல்லுக்குள்ள பூந்து குடையிற மாதிரி என்னையே மொறைச்சுக்கிட்டு கஞ்சி குடிக்கிறாரு. தோட்டத்துல பாதி ரப்பர் பால்மரத்தைச் சாச்சுட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டுட்டானுங்க. நெழலே இல்ல, வெயிலு மூஞ்சியில அடிக்குது.

உன் கடுதாசியப் படிச்சுட்டு அழுதுட்டேன் தாயி. ஆலிஸ் பொறந்ததுலேருந்து உடம்பெல்லாம் வலி, தூங்கி எந்திரிச்சாலும் தூங்காத அசதின்னு நீ சொல்லாத ஆளு இல்ல. ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. எங்க தோட்டத்து ஆஸ்பத்திரில மருந்து குடுக்கிற டிரெஸ்ஸர்கூட, "ரெண்டு நாளு பாலுக்கு மரம் வெட்டச் சொல்லுங்க, எல்லாம் ஓடிரும்"னு பல்லக் காட்டினான். இப்ப கோலாலம்பூர் டாக்டரு, பாஸ்கல் மாப்பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சே, "இது நெசமான நோவு, நடிப்பு இல்ல"ன்னு சொல்லிட்டாரே, அது போதும். ஃபைப்ரோசைட்டிஸ்னு பேரு போட்டிருந்தே. உன் பெரியப்பா எழுத்துக் கூட்டிப் படிச்சாரு, எனக்கு வாய்க்குள்ள நொழையல. ஆனா ஒண்ணு கேக்குறேன். பேரு இருந்தா மருந்து இருக்கணும்லா? ஓய்வெடு, அளவா நடன்னு சொல்றதுக்கு கோலாலம்பூர் வரைக்கும் போவணுமா?

மாப்பிள்ள நல்ல பையன். வேலைக்கு வீரம்மான்னு ஒரு பொம்பளைய வச்சுட்டாரு. ஆலிஸை சிலிம் ரிவர்ல நாத்தனா வீட்டுல விடணும்னு உன் மாமியா ஒத்தக்கால்ல நின்னாங்களே, அதையும் வேணான்னுட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்?

இருந்தாலும் நான் சும்மா இருப்பனா? அடுத்த மாசம் மாதாவைப் பெத்த அன்னம்மாள் திருநாளு. புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கிற அவ கோயிலுக்கு பஸ் பேசியாச்சு. நீ உன் கால்ல நடந்து, மெழுகுவத்தியோட மலையில சிலுவைப்பாதை ஏறுறதா நேந்துக்கிட்டேன். சொகமானதும் நன்றி பூசை, ஊருக்கு அசனச் சோறு, கோயில்ல கட்ட வெள்ளியில ஒரு பொம்பள உரு. ஆசாரிகிட்ட சொல்லிட்டேன். நேந்தது நேந்ததுதான், மாத்த முடியாது. மாப்பிள்ளைக்கும் எடம் போட்டிருக்கேன்.

உனக்காக தெனமும் செபமாலை உருட்டி அம்பத்து மூணு மணி ஜெபம் சொல்ற
பெரியம்மா

*

ஈப்போ
21 ஜூன் 1983

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பெரியப்பாவுக்குப் பல் எப்படி இருக்கிறது?

மருந்து இல்லாத நோயா என்று கேட்டிருந்தீர்கள். நானும் டாக்டரிடம் அதையேதான் கேட்டேன். எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஒரு நாள் உடம்பு கொஞ்சம் தெளிவாக இருக்கும். அதை நம்பி நாலு துணி துவைப்பேன். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் கண் விழித்தால், யாரோ உரலில் போட்டு இடித்துவிட்டுப் போன மாதிரி கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் தனித்தனியாக வலிக்கும். ரவிக்கையின் தையல்கூடக் குத்தும். அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். ஆலிஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டால் என்னை அறியாமல் கத்திவிடுகிறேன். இப்போதெல்லாம் அவள் "அம்மா, தொடலாமா?" என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு விரலால் தொடுகிறாள். நாலு வயதுப் பிள்ளை, பெரியம்மா.

இதை வைத்துக்கொண்டு மலை ஏற எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். நேர்ந்துகொண்டேன் என்று சொல்லும்போது எப்படி மறுப்பது? வருகிறேன். நன்றி, அசனம் எல்லாம் அவசரப்பட வேண்டாம். உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மகள்
டோரிஸ்

*

சேசு மரி சூசை

செமோர்
2 ஆகஸ்ட் 1983

என் கண்ணு டோரிஸுக்கு,

அன்னம்மாளே, உனக்குக் கோடி தோத்திரம்! நீ மலை ஏறுனதை நெனச்சா இன்னும் எனக்கு மயிரு சிலுக்குது. கையில மெழுகுவத்தி, மூஞ்சியில ஒரு களை, ஒரு எடத்துலயாவது உக்காந்தியா? பக்கத்து வீட்டு இருளாயி, மாரியம்மனைக் கும்புடுறவ, பஸ்ஸுல எடம் இருக்குன்னு ஏறி வந்தவ, மூச்சு வாங்கிக்கிட்டே சொல்றா: "அக்கா, உன் மக ஆட்டுக்குட்டியாட்டம் போவுது. எனக்குத்தான் உங்க சாமி இரங்க மாட்டேங்குது." நான் சொன்னேன், "மொதல்ல வாயில இருக்கிற வெத்தலையத் துப்பு, அப்புறம் இரங்கும்." மாப்பிள்ளையும் கண்ணால பாத்தாரு. அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு தாயி.

அதான் நான் தள்ளிப் போடல. போட்டா அன்னம்மா என்ன நெனப்பா? போன ஞாயித்துக்கிழமையே ஈப்போ கோயில்ல நன்றி பூசை. உபதேசியார் லூயிஸ் மைக்கைக் குடுத்தாரு. அம்மாடி, எனக்கு எங்கேருந்துதான் பேச்சு வந்துச்சோ! டாக்டருங்க கைவிட்ட பொண்ணு, அன்னம்மா கைபட்டு சொகமாயிட்டான்னு சொன்னேன். பொம்பளைங்கெல்லாம் முந்தானையால கண்ணத் தொடச்சாங்க. உருவக் கட்டினேன். அசனத்துக்கு ஆட்டுக்கறியும் பருப்பும், கடைசிப் பந்திக்கு எலை பத்தல, தட்டுல போட்டோம்.

உன்னைத்தான் காணோம். படுத்திருக்கான்னு உன் மாமியா சொன்னாங்க. நோவு எறங்குன அசதி, தூங்கட்டும்னேன். அவங்களும் சந்தோசமா என் கையப் புடிச்சுக்கிட்டு, "இனிமே வீரம்மா எதுக்கு சம்மந்தி, நிறுத்திடுவோம்"னாங்க. ஆமாம்னேன். சொகமான ஒடம்ப ஆளு வச்சுக் கெடுக்கக் கூடாது பாரு.

பூரிச்சுப் போயிருக்கிற
பெரியம்மா

*

ஈப்போ
2 செப்டம்பர் 1983

பெரியம்மா,

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

மலையிலிருந்து வந்த மறுநாள் விழுந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். சத்தம் கேட்டால் தலைக்குள் ஆணி இறங்குகிறது. வீரம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

முன்பு "சோம்பேறி" என்றுதான் மாமி சொல்வார்கள். அது பரவாயில்லை. இப்போது வேறு சொல்கிறார்கள். "உரு கட்டியாச்சு, ஊருக்கே சோறு போட்டாச்சு. இனிமே வலிக்குதுன்னு சொன்னா, அன்னம்மாளப் பொய்க்காரி ஆக்குறியாடி?" பாஸ்கல் அவர்களை அடக்குவார் என்று பார்த்தேன். அவர், "நீ ஏறினியே டோரிஸ், நான் பாத்தேனே" என்கிறார். கோலாலம்பூர் டாக்டர் சொன்னதைப் பற்றிப் பேச்சே இல்லை. வலிக்கிறது என்று வாய் திறந்தாலே இந்த வீட்டில் அது பாவம் ஆகிவிட்டது.

ஏறினேன். இல்லையென்று சொல்லவில்லை. நல்ல நாளாக அமைந்தது. நீங்களும் அவரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், உட்கார வெட்கமாக இருந்தது. அப்படி ஏறியதால்தான் இப்படிக் கிடக்கிறேன். இந்த நோயே இதுதான் பெரியம்மா.

எனக்காக ஒன்று செய்யுங்கள். ஈப்போ கோயிலுக்கு வந்து, அதே ஆட்கள் முன்னால், "டோரிஸுக்கு இன்னும் சுகமாகவில்லை, நான் அவசரப்பட்டுவிட்டேன்" என்று சொல்லுங்கள். நான் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. நீங்கள் சொன்னால் பாஸ்கலாவது நம்புவார். மாமி ஆலிஸின் துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். அடுத்த மாதம் சிலிம் ரிவருக்காம். "சொகமா இருந்தும் பிள்ளையத் தொட விடாதவகிட்ட பிள்ள எதுக்கு" என்கிறார்கள்.

சீக்கிரம் வாருங்கள்.

டோரிஸ்

*

சேசு மரி சூசை

செமோர்
18 செப்டம்பர் 1983

அன்பு மக டோரிஸுக்கு,

உன் கடுதாசி வந்தன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. உன் பெரியப்பா பல்லைப் புடுங்கிட்டாரு, இப்ப வாய மூடாமப் பேசுறாரு, பல்லுவலியே தேவலாம். இருளாயி மக கோப்பெங்ல ஆம்பளப் புள்ள பெத்திருக்கு. இத்தோட ஒரு சீசா தைலம் அனுப்புறேன். சூடு காட்டி, மேலேருந்து கீழ தேய்க்கச் சொல்லு. யாரு தேய்ப்பா, அதுவும் ஒரு கேள்விதான்.

நீ கேட்டதுக்கு வாரேன். எப்புடிடீ கண்ணு? அத்தன பேரு முன்னால நின்னு, அன்னம்மா செய்யலன்னு எப்புடிச் சொல்லுவேன்? என் நாக்கு அறுந்து போவாதா? செபமாலைக் கூட்டத்துக்கு நான்தான் முன்ன நின்னு நடத்துற மூப்பி. நாளைக்கு எவளாவது புள்ளைக்குக் காய்ச்சல்னு நேந்துக்க வந்தா, "குழந்தையம்மா நேந்தது என்னாச்சு"ன்னு கேக்க மாட்டாளா?

ஆனா நான் கையக் கட்டிக்கிட்டு இருக்கல. பாவசங்கீர்த்தனத்துல மண்டி போட்டு சாமியார்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். உனக்கு சொகமாகல, நான் அவசரப்பட்டு மைக்குல பேசிட்டேன், வீரம்மாவ நிறுத்துனதுக்கு ஆமாம் போட்டேன், ஒண்ணு விடல. அவரு, "அந்தப் பொண்ணுக்காக ஜெபம் பண்ணுங்க, செய்ய வேண்டியதையும் செய்யுங்க"ன்னாரு. மனசு பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. நீ கேட்ட மாதிரி வாயால சொல்லியாச்சுலா. சாமியாருக்கே தெரிஞ்சாச்சு. இனி எல்லாம் தானா சரியாவும்.

நீயும் கொஞ்சம் விசுவாசத்தைக் கூட்டிக்க தாயி. காலையில எந்திரிச்சதும் வலிய நெனைக்காத.

உன்
பெரியம்மா

*

ஈப்போ
23 அக்டோபர் 1983

பெரியம்மாவுக்கு,

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே சொல்லமாட்டார். சின்ன வயதில் புதுநன்மை வாங்குவதற்கு முன்னால் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். வாய் திறக்க முடியாத ஒருவரைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆலிஸ் போய்விட்டாள். நேற்று கார் வந்தது. கட்டிலருகே வந்து வழக்கம்போல ஒரு விரலை நீட்டினாள். மாமி, "சும்மா கட்டிப் புடிடி, ஒங்கம்மாவுக்குத்தான் சொகமாயிடுச்சே" என்றார்கள். பிள்ளை ஆசையாக இறுக்கிக்கொண்டாள். நான் கத்தவில்லை. வாசல் வரை போக முடியவில்லை. கார் திரும்புகிற சத்தத்தைப் படுத்தபடியே கேட்டேன்.

பாஸ்கல் வேலைக்குப் போய்விட்டார்.

இது என் கடைசிக் கடிதம். உங்கள் மேல் கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. இந்த ஒரு பக்கம் எழுதினால் இரண்டு நாள் கை வராது. அந்தக் கையால் இனி தலை வாரிக்கொள்கிறேன்.

டோரிஸ்

*

சேசு மரி சூசை

செமோர்
14 நவம்பர் 1983

டோரிஸுக்கு,

நேத்து ஈப்போ கோயில்ல சொன்னேன்.

பூசைக்கு முன்னாலயே லூயிஸ்கிட்ட மைக்கு கேட்டேன். "போன தடவ நல்லா பேசுனீங்கம்மா, அதுவே போதும்"னுட்டாரு. அதனால பூசை முடிஞ்சு சனம் வெளிய வரையில வாசப்படியில நின்னுக்கிட்டேன். "என் மக டோரிஸுக்கு சொகமாவல. அவ பொய் சொல்லல. நாந்தான் தெரியாம நன்றி சொல்லிட்டேன்"னு கத்திச் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்.

ஒருத்தி ஓடிப் போயி நாற்காலி கொண்டாந்தா. ஒருத்தி கொடையப் புடிச்சா. "வெயில்ல தல சுத்திருச்சு அக்கா, உக்காருங்க, தண்ணி குடிங்க"ங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் சுத்தல, கேளுங்கடின்னேன். கேக்கல. நான் சொல்லச் சொல்ல எல்லாரும் தலைய ஆட்டுறாங்க. நம்பி ஆட்டுறது இல்ல, அழுவுற புள்ளைக்கு ஆட்டுற மாதிரி. அந்த மொகங்களைப் பாத்துக்கிட்டு நின்னேன் தாயி. எங்க போயி முட்டிக்கிறது? உன் மாமியா மட்டும் நேரா சொன்னாங்க: "மருமவ சொல்லிக் குடுத்த பாடத்த கெழவி ஒப்பிக்குது."

மாப்பிள்ள ஸ்கூட்டர்கிட்ட நின்னாரு. அவருகிட்ட போனேன். "அவ ஏறுனத நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன். ஏறுனதாலதான் மாப்பிள்ள இப்புடிக் கெடக்கா"ன்னேன். தரையப் பாத்துக்கிட்டே ஸ்கூட்டர ஒதச்சுக் கெளப்பிக்கிட்டுப் போயிட்டாரு. ஆலிஸைக் கூட்டியாருவாரான்னு எனக்குத் தெரியல. கூட்டியாருவாருன்னு உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

செபமாலைக் கூட்டத்துக்கு வேற ஆளு வச்சுக்கிட்டாங்க. அன்னம்மாளுக்கும் எனக்கும் உள்ளத நாங்க பேசிக்கிறோம், அத நீ சொமக்காத.

வியாழக்கிழமை மொத பஸ்ஸுல வாரேன். துணி துவைக்க, சோறாக்க. உன் மாமியா என்ன பேசுனாலும் பேசட்டும், எனக்குக் காது இருக்கு, கேட்டுக்குவேன். உன் பெரியப்பா தனியாப் பொங்கித் திங்கட்டும், பல்லுதான் சரியாயிடுச்சே.

இதுக்குப் பதில் எழுதாத. முன்கதவத் தெறக்க எந்திரிக்காத, பின்பக்கமா வாரேன். வந்ததும் என்கிட்ட பேசணும்னு இல்ல.

படுத்திரு.

பெரியம்மா