ஸ்கார்வாரின் நட்டநடு

செப்டம்பர் 9

ஸ்கார்வார் நகராட்சியின் நடு எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியாது. பள்ளியில் இருபது வருடம் புவியியல் நடத்தியவள், இரண்டு வருடமாக இந்த நகராட்சியின் வரலாற்று நூலை எழுதுகிறவள். ஆனாலும் தெரியாது என்றுதான் சொன்னேன். மேயர் யோருன் நம்பவில்லை. என்னோடு படித்தவள், அப்போதும் நம்பமாட்டாள்.

"நடுன்னா நடுதான், ரன்வெய்க். படத்துல ஒரு புள்ளி வையேன், அவ்வளவுதானே?"

புள்ளி வைக்கும் இடத்தில் புதிய முதியோர் இல்லம் எழும். நகராட்சியில் இரண்டு ஊர்கள்: லாங்விக்காரர்களுக்கு அது லாங்விக்கில் வரவேண்டும், ஸ்டூர்நெஸ்காரர்களுக்கு ஸ்டூர்நெஸில். மன்றத்தில் இரண்டு பக்கமும் சரிபாதி. யோருன் பிறந்தது லாங்விக், வாழ்க்கைப்பட்டது ஸ்டூர்நெஸ். எந்தப் பக்கம் கை தூக்கினாலும் ஒரு வீட்டில் காப்பி கிடைக்காது. ஆகவே நகராட்சியின் புவியியல் நடுவில் கட்டுவது என்று தீர்மானம். ஒருமனதாக! எனக்கு நினைவு தெரிந்து இதுவே முதல் முறை.

செப்டம்பர் 14

அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய இல்லம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். தீயணைப்புத் துறை அதை மூடச் சொல்லிவிட்டது. டிசம்பர் மன்றக் கூட்டத்துக்குள் புது இடம் முடிவானால் மட்டும், கட்டி முடியும்வரை ஓட்டலாமாம். அரசு மானியமும் அதே கெடுவில்தான் தொங்குகிறது.

விஷயத்தைச் சொன்னேன். நாற்பது வருடம் படகு ஓட்டியவர், வாஃபிளில் ஜாம் தடவிக்கொண்டே கேட்டார்.

"எங்க கட்டினா எனக்கென்ன? அது எழும்புறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."

கொஞ்சம் கழித்து, தட்டைப் பார்த்தபடி: "அதுவரைக்கும் என்னை இங்கேருந்து மட்டும் நகத்தாம பாத்துக்கோ."

அப்பா எதையும் கேட்கிறவரில்லை. நான் இன்னொரு வாஃபிள் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 28

நூலின் நான்காம் அத்தியாயம். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் லாங்விக்கையும் ஸ்டூர்நெஸையும் ஒன்றுபோல எரித்தார்கள். இரண்டு ஊரையும் பாரபட்சமின்றி நடத்திய கடைசி நிர்வாகம் அதுதான். 1964-இல் தலைநகர் ஓஸ்லோவில் யாரோ இரண்டு நகராட்சிகளை ஒன்றாக்கினார்கள். புது நகராட்சியின் சின்னத்துக்கு இரண்டு நீர்க்காகங்கள் வரையப்பட்டன. ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் இப்படியே அச்சிட விடமாட்டார்கள். இங்கேயாவது இருக்கட்டும்.

அக்டோபர் 6

ஸ்டூர்நெஸ் உறுப்பினர் ஆர்ன்யோட் வந்தார், சதுப்புப்பழ ஜாமோடு. வெளிக்கடலில் கிடக்கும் பாறைத் திட்டுகளையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தால் நடு அவர் ஊர்ப்பக்கம் நகரும்.

சாயங்காலம் லாங்விக் உறுப்பினர் பெரிட், ஓர் ஆட்டுத்தொடையோடு.

"ஓதம் ஏறினா முழுகிப்போற கல்லையெல்லாம் நிலம்னு சொல்லுவியா? அப்போ அந்தாளோட வழுக்கையையும் சேத்துக்கோ."

ஓதம் ஏறி இறங்கும்போது எங்கள் நடுவும் நகர்கிறது என்று இருவரிடமும் விளக்கினேன். "எனக்குச் சாதகமான ஓதத்தில் அள" என்று இருவருமே சொன்னார்கள். ஜாம் நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 19

கணக்கு முடிந்தது. நிலத்தை மட்டும் எடுத்தால் நடு விழுவது மலைமேல் ஓர் ஏரியில். கடலையும் சேர்த்தால், மலைகளுக்கிடையே கடல் உள்நுழையும் ஃபியோர்டின் மத்தியில், சால்மன் மீன் பண்ணைக் கூண்டுக்கு நேர் கீழே. மக்கள் எங்கெங்கே வசிக்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் ஹெஸ்ட்நெஸ் முனை: ஒரு குடும்பம், கொஞ்சம் ஆடுகள், நல்ல சாலை.

"மூணு எதுக்குடி?" என்றாள் யோருன். "ஹெஸ்ட்நெஸை மட்டும் எழுதிக் குடு. உங்கப்பாவும் இருக்கிற இடத்துலயே இருப்பார்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 20

தீர்மானம் கேட்டது புவியியல் நடுவை. மக்கள்தொகை நடு அது இல்லை. ஒன்றை மட்டும் எழுதினால் பொய்யா? பொய் என்றுகூட இல்லை, தேர்வு. ஆனால் அப்பனுக்காகப் புள்ளியை நகர்த்தினாள் என்று கடையில் ரொட்டி வாங்கும்போது என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முன்னாலேயே சொல்வார்கள், இந்த ஊரில்.

நான் காப்பாற்றப் பார்ப்பது உண்மையையா, என் முதுகையா?

மூன்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். முறையியல் விளக்கத்தோடு. சரியான அறிக்கை. சே.

நவம்பர் 22

இந்த வடகோடியில் இன்று முதல் இரண்டு மாதம் சூரியன் வராது. மன்றம் இதையும் ஒத்திவைத்திருந்தால் நன்றாயிருக்கும்.

நவம்பர் 30

ஆர்ன்யோட் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்: ஃபியோர்டில் மிதக்கும் இல்லம் கட்டலாமே, எண்ணெய் எடுக்கிற மேடையே மிதக்கிறது, நம் கிழவர்கள் அதைவிடவா கனம்? பெரிட்டின் பதில்: முதலில் நீ ஏறி உட்கார், முழுகுகிறதா பார்க்கலாம். சால்மன் பண்ணை, இலவச விளம்பரத்துக்கு இருவருக்கும் நன்றி சொல்லி, முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருக்கிறது.

டிசம்பர் 11

மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் அறிக்கையை எல்லோரும் புகழ்ந்தார்கள். ஸ்டூர்நெஸ்காரர்களுக்குக் கடல் நடு பிடித்தது, லாங்விக்காரர்களுக்கு மலை நடு. ஹெஸ்ட்நெஸுக்கு யோருன் ஒருத்திதான் கை தூக்கினாள், பாதி வரைக்கும். பிறகு, நடு என்றால் என்ன என்று முடிவு செய்ய ஓஸ்லோவிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தத் தீர்மானம். ஒருமனதாக. கைதட்டல்.

மானியம் போயிற்று. பழைய இல்லம்?

"பண்டிகை நேரம், யாரு வந்து மூடப்போறா?" என்றாள் யோருன், கோட்டை மாட்டிக்கொண்டே. "நாளைக்கு ஒண்ணும் நடக்காது, பாரு."

டிசம்பர் 12

காலையிலேயே சுகாதாரப் பிரிவிலிருந்து அழைப்பு: பழைய இல்லத்தைக் காலி செய்கிறார்கள். பக்கத்து நகராட்சியின் இல்லத்தில் ஓர் இடம் காலியாம், இன்றே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அப்பாவை முதலில் தேர்ந்தெடுத்த காரணத்தையும் சொன்னார்கள்: கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, இருப்பவர்களில் குமட்டாமல் படகில் போகக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

நானும் கூடப் போனேன். படகில் நான் பேச ஆரம்பித்தபோது, "அலையைப் பாத்துக்கிட்டு வா" என்றார் அப்பா.

அறை விசாலம். நண்பகலின் நீல வெளிச்சத்தில் தண்ணீருக்கு அப்பால் எங்கள் கரை முழுக்கத் தெரிந்தது. லாங்விக்கின் விளக்குகள் எங்கே முடிந்து ஸ்டூர்நெஸின் விளக்குகள் எங்கே தொடங்குகின்றன என்று பிரிக்க முடியவில்லை. சுவீடனிலிருந்து புதிதாக வந்திருக்கும் செவிலி, "எந்த ஊர் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ஸ்கார்வார்" என்றார் அப்பா.

எண்பத்து நாலு வயதுவரை லாங்விக் என்று மட்டுமே சொல்லி வந்தவர்.

"அது எங்க இருக்கு?"

அவர் முழுக்கையையும் நீட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காட்டினார். பிறகு என்னைத் திரையை இழுத்து மூடச் சொன்னார். மூடிவிட்டுக் கடைசிப் படகில் வந்தேன்.