ஒட்டோ கியரும் என் வாயும்

2024 ஜனவரி 9, செவ்வாய்

பொங்கலுக்கு முன்னம் வானுக்கு நானே சேர்விஸ் செய்து முடித்தேன். எஞ்சின் ஒயில் மாற்றியாகிவிட்டது. பிறகு கியர்ப்பெட்டியின் ஒயில் அளவுக் கம்பியையும் இழுத்துப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. முந்தி வைத்திருந்த ஆள் கண்டபாட்டுக்கு ஊற்றி வைத்திருக்கிறான். அடி ஆணியைக் கழற்றி ஒன்றரைப் போத்தல் இறக்கினேன். இப்போது கம்பி கோட்டில் அச்சாவாக நிற்கிறது.

வானை ஓட்டுகிற சிவரூபி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அண்ணை, இது தானா மாறுற ஒட்டோ கியர். மெக்கானிக் யோசெப் அண்ணையிட்டக் காட்டுவமே?"

"இருவது வருசம் ரக்டருக்கு ஒயில் பாத்த டொக்டர் நான் இருக்கிறன். அவர் எதுக்கு?"

"அப்ப வானுக்கு ஆசுப்பத்திரி வாட்டிலை ஒரு கட்டில் சொல்லி வையுங்கோ."

வாய்க்காரி. எனக்குச் சரிக்குச் சரி நிற்கிற ஆள் இந்த முரசுமோட்டையில் அவள் ஒருத்திதான்.

ஜனவரி 15

பொங்கல். நல்ல மழை. சிவரூபி மோதகம் கொண்டு வந்தாள். "வெளியிலை போட்டால் நாயும் கடிக்காது" என்றேன். ஆறு தின்றேன்.

ஜனவரி 19

விடிய வானை எடுத்து முன் கியரில் போட்டால் உடனே இழுக்கவில்லையாம், சிவரூபி சொன்னாள். மூன்று எண்ண வேண்டிக் கிடக்காம். "அதுக்கும் உன்னைப் போல நித்திரைக் குணம்" என்று சொல்லி விட்டேன்.

ஜனவரி 26

பரந்தன் சந்தியில் திருப்பேக்கை எஞ்சின் கத்துகிறதாம், வான் போகுதில்லையாம். பிறகு திடீரென்று பிடிக்கிறதாம். சூடேறினால் இன்னும் மோசமாம். "கியர் வழுக்குது அண்ணை, விளையாடாதேங்கோ" என்றாள். அறுவடைக்கு ஆள் பிடிக்கிற அவசரம் எனக்கு. பிறகு பார்ப்போம் என்றேன்.

அந்த வான்தான் எனக்குச் சோறு போடுகிறது, ஓட்டுகிறது அவள். அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 சண்டையில் போனது. போட்டிருப்பது பிளாஸ்ரிக்கில் செய்த கால். கிளச் மிதிக்கத் தேவையில்லாத வான் ஆரிடம் இருக்கிறது என்று விசாரித்து, என் வாசல் படலைக்கு அவளாகத்தான் வந்தாள். கிளிநொச்சி காமென்ற் தையல் ஆலையில் வேலை செய்கிற பதினொரு பெண் பிள்ளைகளை விடிய ஏற்றிப் போய்ப் பின்னேரம் கொண்டு வந்து விடுவாள். மூன்று வருசம். வானில் ஒரு கீறல் விழவில்லை.

பெப்ரவரி 2, வெள்ளி

வான் நடுறோட்டில் நின்றுவிட்டது. ஆறு மணிக்கு போன் வந்தது, மோட்டார்சைக்கிளில் போனேன். பிள்ளைகள் பதினொரு பேரும் கரையில் நிற்கிறார்கள். பிந்தினால் வேலைத்தலத்தில் பேச்சு வாங்குவார்கள், எல்லார் முகமும் எரிச்சல். சிவரூபி அக்சிலேற்றரை அமத்துகிறாள், எஞ்சின் அழுகிறது, வான் அசையவில்லை.

நான் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். "பிளாஸ்ரிக் காலுக்கு எது பிறேக், எது தரை எண்டு தெரியுமே? அது பாட்டுக்குப் பிறேக்கிலை ஏறி இருந்திருக்கும். கியர் என்ன செய்யும், பாவம்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். ராஜினி என்ற பிள்ளை மட்டும் சிவரூபியின் காலைப் பார்த்தது. பிறகு மற்றவர்களும் பார்த்தார்கள்.

சிவரூபி இறங்கினாள். சாவியை சீற்றில் வைத்தாள். வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

பெப்ரவரி 3

அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பகிடியும் தாங்காத ஆளே?

பெப்ரவரி 5

ஆற விட்டால் கொஞ்சம் இழுக்கிறது. நானே ஓட்டினேன். எனக்கும் வழுக்குகிறது.

எனக்கு இரண்டு காலும் இருக்கு.

இல்லை — அவள் முதலே பழுதாக்கியிருப்பாள். அப்படித்தான் இருக்கும்.

பெப்ரவரி 8

தேத்தண்ணிக் கடையில் ஒருவர் எனக்கே கதை சொல்கிறார்: "கால் இல்லாத பெட்டை பிறேக்கிலை காலை வைச்சபடி ஓடி கியர்ப்பெட்டியை எரிச்சுப்போட்டாளாம்." நான் சொன்னதுதான் சுற்றி வந்து கையும் காலும் முளைத்து நிற்கிறது. பிள்ளைகளின் தாய்மார் சிலர், "இனி அவளை ஓட விடாதேங்கோ ராஜரத்தினம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

பெப்ரவரி 12, திங்கள்

பரந்தனில் யோசெப் அண்ணையின் கராஜ். முல்லைத்தீவுக்காரர், கடலில் போட் எஞ்சினோடு தொடங்கிய கை. வானை ஒரு மைல்கட்டை தூரம் ஓட்டிக்கொண்டு வந்தார். நிற்பாட்டவில்லை. எஞ்சின் ஓடியபடியே கிடக்க, பிறேக்கை மிதித்துக்கொண்டு எல்லாக் கியரும் ஒருக்காப் போட்டு எடுத்தார். பிறகு பார்க்கிங்கில் விட்டுவிட்டு இறங்கி வந்து கம்பியை இழுத்தார்.

கம்பி நுனியில் ஒரு சொட்டு இல்லை.

துடைத்த துணியை மூக்கில் வைத்தார். எனக்கும் நீட்டினார். அடிப்பிடித்த சோற்று மணம்.

"ஆர் ஒயில் இறக்கினது?"

"தெரியேல்லை அண்ணை."

"ஒழுக்கு இல்லை. அடி ஆணியிலை புதுசா ஸ்பனர் போட்ட அடையாளம் கிடக்கு. இறக்கினது அந்தப் பிள்ளை சிவரூபியோ?"

நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 13

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். என் மனிசி அமராவதி ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே, "யோசெப் அண்ணை இப்ப சாப்பிட்டிருப்பார், போங்கோ" என்றாள். அவ்வளவுதான்.

போய், நான்தான் இறக்கினேன், வழுக்குது என்று சிவரூபி சொன்னதையும் கேட்கவில்லை என்றேன். எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார். விடிய, எஞ்சினை நிற்பாட்டி, ரக்டருக்குப் பார்க்கிற மாதிரி என்றேன். யோசெப் அண்ணை கதிரையில் இருந்துவிட்டார்.

"ரக்டர் எஞ்சினுக்கு நிப்பாட்டிப்போட்டுப் பாக்கிறதுதான். இந்த வானின்ர கியர்ப்பெட்டிக்கு ஓடவிட்டு, சூட்டிலை பாக்கவேணும். நிப்பாட்டினால் மேலை நிக்கிற ஒயில் முழுக்கக் கீழை இறங்கிடும். கம்பி கூடத்தான் காட்டும். நீ அளவான ஒயிலை இறக்கியிருக்கிறாய் மகன். மிச்சத்திலை காத்தை உறிஞ்சி உறிஞ்சி உள்ளுக்குத் தட்டெல்லாம் எரிஞ்சு போச்சு."

"இப்ப ஊத்தினால்?"

"பெப்ரவரியிலை ஊத்தி என்ன? அவள் முதல்நாள் வழுக்குது எண்டேக்கை ஊத்தியிருந்தால் தப்பியிருக்கும்."

முதல்நாள் நான் நித்திரைக் குணம் என்றேன்.

பெப்ரவரி 15

தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். எட்டுப் பேர் இருந்தார்கள். எழும்பி நின்று சொன்னேன்: "சிவரூபியிலை ஒரு பிழையும் இல்லை. ஒயிலை இறக்கி கியர்ப்பெட்டியை எரிச்சது நான்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் மேசையில் தட்டி, "இவன் செத்தாலும் பகிடி விட்டுப்போட்டுத்தான் சாவான்" என்றார். மெய்யாகத்தான் சொல்லுறன், என்ர பிள்ளையாணை என்றேன். இன்னும் சிரித்தார்கள். சத்தியம் பண்ணுகிற முகத்தை நான் எத்தனை பகிடிக்குப் போட்டிருப்பேன்! அவர்களில் என்ன பிழை?

பெப்ரவரி 18, ஞாயிறு

சிவரூபி வீட்டடிக்குப் போனேன். தமையனின் நெல்லைத் தார் றோட்டுக் கரையில் காயப் போட்டு விளக்குமாற்றால் பரவிக்கொண்டு நின்றாள். நானும் ஒரு விளக்குமாறு எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒயில் கதை முழுக்கச் சொன்னேன். யோசெப் அண்ணையிடம் வாய் மூடி நின்றதையும் சொன்னேன்.

அவள் நெல்லைப் பார்த்தபடிதான் கதைத்தாள்.

"ஒயிலுக்கு நான் கோவிக்கேல்லை அண்ணை. ஆருக்கும் வாற பிழை. மூண்டு வருசமா அந்தப் பிள்ளையளுக்கு என்ர கால் தெரியாது. நீளப் பாவாடை, சப்பாத்து. இழுத்து நடக்கிறதை இடுப்பு நாரி நோவு எண்டு சொல்லி வைச்சனான். அவை ஏறமுதல் ஏறி இருப்பன், எல்லாரும் இறங்கினாப் பிறகு இறங்குவன். உங்களுக்குத் தெரியும் எண்டால் எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைச்சியளோ?"

ஓம். அப்படித்தான் நினைத்தேன்.

ஏன் அவள் எப்போதும் கடைசியாக இறங்குகிறாள் என்று மூன்று வருசமாக நான் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பகிடி.

"திரும்பி வா" என்றேன். "ஏலாது அண்ணை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மார்ச் 6

வவுனியாவிலிருந்து எடுத்த பழைய கியர்ப்பெட்டியை யோசெப் அண்ணை வானில் பொருத்திப் பூட்டிவிட்டார். வழுவழு என்று போகிறது. நான்தான் ஓட்டுகிறேன். பிள்ளைகள், "மாமா, ஒரு பகிடி விடுங்கோவன்" என்றார்கள். றோட்டில் மாடு நிற்குது, பேசாமல் இருங்கோ என்றேன். மாடு ஒன்றும் நிற்கவில்லை.

மார்ச் 21

செந்தூரன் என்ற பொடியன் இந்தப் பக்கம் வான் விடப் போகிறான். அதுவும் ஒட்டோ கியர். சிவரூபி வேலை கேட்டிருக்கிறாள், அவன் தேத்தண்ணிக் கடைக் கதையைக் கேட்டுவிட்டுப் பின்வாங்குகிறான். அவனைத் தேடிப் போனேன். நான் வாய் திறக்க முதல் சிரிக்கத் தொடங்கினான். என் சொல் இனி உதவாது. மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் யோசெப் அண்ணைக்கு முன்னால் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கோ" என்று விட்டு வெளியே நின்றேன்.

அரை மணித்தியாலம் கதைத்தார்கள். வெளியே வந்த செந்தூரன் சிரிக்கவில்லை. "இப்பிடியும் செய்வியளோ?" என்றான். என் மகன் வயது இருக்கும்.

ஏப்ரல் 22

சிவரூபி இன்று செந்தூரனின் வானை எடுத்திருக்கிறாள்.

மே 6

என் வானில் ஐந்து பேர்தான். ஆறு பேர் அவளிடம் மாறிவிட்டார்கள். முதலில் போனது ராஜினி.

யூன் 11, செவ்வாய்

அமராவதிக்கு இன்று கிளிநொச்சியில் கிளினிக். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, வானைக் கழுவிப் படலையடியில் விட்டேன். "நான் சிவரூபிக்கு வரச் சொல்லிப்போட்டன்" என்றாள் அமராவதி. எனக்கு முன்னம் சொல்லவில்லை.

சிவரூபி வானோடு வந்து நின்றாள். இன்று செய்த கால் தெரிகிற முழங்கால் அளவுச் சட்டை. இறங்கி வந்து, அமராவதியின் பையை வாங்கி உள்ளே வைத்தாள். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, பின்னுக்கு இடம் கிடக்கு. வாறதெண்டால் ஏறுங்கோ."

ஏறினேன். கடைசி சீற். முன்னுக்கு இரண்டு பேரும் பரந்தன் வரைக்கும் ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்ன என்று கேட்கவும் இல்லை.