மிர்த்தா வீட்டு சோபா

மான்டேவீடியோ
5 ஜூலை 2010

வில்மாருக்கு,

நாளை உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் நம் உருகுவே தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது துரோகமா?

தென்னாப்பிரிக்காவை வென்ற அன்று நீ மகளை அவள் அம்மா வீட்டில் விடப் போய், அங்கேயே உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தாய். மூன்று கோல். பிறகு மெக்சிகோ, கொரியா, கானா என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உன் முதல் மனைவி மிர்த்தாவின் சோபாவில் அதே இடது ஓரம், துவைக்காத அதே சட்டை. ராசியை மாற்றக் கூடாது என்கிறாய். நான் வேலை செய்யும் புள்ளியியல் துறையின் தலைவரே ராசிக்காக மூன்று வாரமாகச் சவரம் செய்யவில்லை. அதனால் நானும் உன்னைத் தடுக்கவில்லை.

இன்று காலை மிர்த்தா தொலைபேசியில் சிரித்தாள். "நாளைக்கு அவன சீக்கிரம் அனுப்பிடு கண்ணு. நாப்பது வருஷம் கழிச்சு அரையிறுதிக்கு வந்திருக்கோம், உன் உம்முனு இருக்கற மூஞ்சியால தோத்துடப் போறோம். அவனுக்குப் பிடிச்ச மாதிரி மாத்தே டீ நான் போட்டுக் குடுக்கறேன்."

உனக்கு எப்படிப் பிடிக்கும் என்று பதினோரு வருடமாக எனக்கும் தெரியும்.

தோற்றால் அந்த சோபாவின் ராசி போய்விடும். பிறகு அங்கே போக உனக்குக் காரணம் இருக்காது.

உன் மனைவி

ஜூலை 6. இதை நேற்று உன்னிடம் கொடுக்கவில்லை. நெதர்லாந்திடம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். நீ அழுது வீங்கிய கண்களோடு வந்தாய். சனிக்கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை இங்கேயே பார்க்கலாமா என்று கேட்டேன்.

"ஒரு தடவ தோத்ததுக்காக யாராவது இடத்த மாத்துவாங்களா?" என்றாய்.